அமெரிக்காவின் தென்மேற்கில் வாழும் நவஹோ, ஜூனி பழங்குடி மக்களின் நகைகளில் பதிக்கும் கற்களுக்கு நம் ராசிக்கல் போலப் பலன் உண்டா?

அப்படி ஒரு பலன் பட்டியல் அந்த மக்களிடம் நான் கேட்டதில்லை. வேலைக்காக நியூ மெக்சிகோ வந்த புதிதில் நானும் இதையேதான் விசாரித்தேன். சுற்றுலாக் கடைகளில் நகையோடு சின்ன அட்டை தருவார்கள்: டர்க்காய்ஸ் என்ற நீலக்கல் செல்வம் தரும், பவழம் தைரியம் தரும் என்று. அதை ஒதுக்கி வைத்துவிடுங்கள்.

நவஹோ மக்களுக்குக் கல் என்றால் திசை, மலை. அவர்கள் மண்ணுக்கு நான்கு புனித மலைகள் எல்லை. கிழக்கே கொலராடோவின் பிளாங்கா சிகரம், அதற்கு வெண்சிப்பி. தெற்கே நியூ மெக்சிகோவின் மவுண்ட் டெய்லர், அதற்கு டர்க்காய்ஸ். மேற்கே அரிசோனாவின் சான் ஃபிரான்சிஸ்கோ சிகரங்கள், அதற்கு அபலோன் என்ற கடல் சிப்பி. வடக்கே கொலராடோவின் ஹெஸ்பெரஸ் மலை, அதற்கு ஜெட், அதாவது மண்ணில் புதைந்த மரம் இறுகி உண்டான கறுப்புக் கல். அல்புகர்க்கியிலிருந்து காலப் ஊருக்குப் போகும்போது மவுண்ட் டெய்லர் வலப்பக்கம் தெரியும். என் மோதிரத்தின் நீலத்துக்கு ஊர் அதுதான் என்று தெரிந்தபிறகு அந்த வழியில் போகும்போதெல்லாம் மலையையும் விரலையும் மாறி மாறிப் பார்க்கிறேன்.

ஜூனி மக்களுக்குத் திசை ஆறு. வடக்கு மஞ்சள், மேற்கு நீலம், தெற்கு சிவப்பு, கிழக்கு வெள்ளை, மேலே பல வண்ணம், கீழே கறுப்பு. கல் பதிப்பில் பெயர் பெற்றவர்களும் இவர்கள்தான். நம் கல் நகையில் கல் மேலே எழும்பி நிற்கும். இவர்கள் வெள்ளித் தகட்டில் மெல்லிய சுவர் கட்டி, ஒவ்வொரு அறைக்கும் ஏற்றபடி டர்க்காய்ஸ், பவழம், சிப்பி, ஜெட் எல்லாவற்றையும் அரைத்துப் பொருத்தி, கடைசியில் எல்லாம் ஒரே மட்டமாக மெருகிடுவார்கள். விரலால் தடவினால் இணைப்பே தெரியாது. வெள்ளி வேலை ஜூனிக்கு வந்தது 1870களில், நவஹோ கைவினைஞர் வழியாக. கல் பதிப்பு அதைவிடப் பல நூற்றாண்டு பழையது. நியூ மெக்சிகோவின் சாக்கோ பள்ளத்தாக்கில் உள்ள பழைய குடியிருப்பில் டர்க்காய்ஸ் கண்கள் வைத்த ஜெட் தவளையே கிடைத்திருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது நியூ மெக்சிகோவின் இன்னொரு பழங்குடியான சான்டோ டொமிங்கோ மக்களின் 1930களின் கழுத்தணிகள். பொருளாதார மந்தத்தில் ஜெட் வாங்க முடியவில்லை. பழைய கார் பேட்டரியின் கறுப்புப் பெட்டியையும் உடைந்த இசைத்தட்டையும் அறுத்துப் பதித்தார்கள். அவற்றை இன்று சேகரிப்பாளர்கள் தேடி வாங்குகிறார்கள்.

சரி, வாங்குவதாக இருந்தால் ஒரு விஷயம். என் முதல் பதக்கம், சாலையோரக் கடையில் வாங்கியது. அசிட்டோன் தொட்ட பஞ்சால் துடைத்ததும் நீலம் பஞ்சுக்கு வந்துவிட்டது. சாயம் ஏற்றிய வெள்ளைக் கல். பழங்குடியினர் செய்யாததை அவர்கள் செய்ததாகச் சொல்லி விற்பது அமெரிக்காவின் 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அதனால் செய்தவர் பெயர், இனம், கல் இயற்கையானதா, பிசின் ஏற்றிக் கெட்டியாக்கியதா என்று கேட்டு ரசீதில் எழுதி வாங்குங்கள்.

அப்புறம், டர்க்காய்ஸ் மிருதுவான கல். எண்ணெய் குடித்தால் நீலம் பச்சையாகிவிடும். தலைக்கு எண்ணெய் வைக்கும்போது மோதிரத்தைக் கழற்றி வைத்துவிடுங்கள்.