முன்பணம் வாங்கிவிட்டேன், ஒப்பந்தத்தில் கையெழுத்திடலாமா?

கேள்வி: பதினோரு ஆண்டுகளாகச் சலவை நிலையம் நடத்துகிறேன். கறை நீக்குவதில் பெயர் கிடைத்து, இப்போது மூன்று கடைகள் இருக்கின்றன. வாடிக்கையாளர் ஒருவர் எங்கள் பெயரிலேயே வேறு ஊரில் கடை திறக்க விரும்பி முன்பணமும் கொடுத்துவிட்டார். அவர் தயங்கியபோது, 'போட்ட பணத்தை ஓராண்டில் எடுத்துவிடலாம்' என்று ரசீதின் பின்புறம் எழுதிக் கொடுத்தேன். கடையின் பெயரைப் பதிவு செய்யவில்லை. சின்னம் என் மைத்துனர் வரைந்தது. இணையத்தில் ஒரு ஃபிரான்சைஸ் ஒப்பந்த மாதிரி கிடைத்திருக்கிறது. பெயர்களை மட்டும் மாற்றிக் கையெழுத்திடலாமா?

பதில்: வேண்டாம். அந்த மாதிரி எவ்வளவு நன்றாக இருந்தாலும், அதில் நீங்கள் கொடுப்பதாகச் சொல்லும் பொருளே இன்னும் முழுதாக உங்கள் கைக்கு வரவில்லை. ஃபிரான்சைஸ் என்பது பெயரையும் தொழில்முறையையும் வாடகைக்கு விடுவது போன்றது. பத்திரம் இல்லாத வீட்டை வாடகைக்கு விட்டால் என்ன ஆகுமோ, அதுதான் இங்கும் ஆகும்.

பெயரிலிருந்து தொடங்குவோம். 'பெயருக்குக் காப்புரிமை வாங்க வேண்டும்' என்று பலர் கேட்கிறார்கள். காப்புரிமை கண்டுபிடிப்புகளுக்கு உரியது. உங்களுக்கு வேண்டியது வணிகச் சின்னப் பதிவு. உலகின் பெரும்பாலான நாடுகள் பொருள்களையும் சேவைகளையும் 45 வகுப்புகளாகப் பிரித்துத்தான் பதிவு செய்கின்றன. சலவைச் சேவை 37ஆம் வகுப்பில் வரும். நாளை அதே பெயரில் சலவைத் தூள் விற்கப் போகிறீர்கள் என்றால் அது 3ஆம் வகுப்பு. இரண்டுக்கும் இப்போதே விண்ணப்பிப்பது நல்லது. ஒரு நாட்டில் செய்த பதிவு அடுத்த நாட்டில் செல்லாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

சின்னம் இன்னொரு சிக்கல். ஓவியத்தின் பதிப்புரிமை பொதுவாக வரைந்தவருடையது. அவர் எழுத்துமூலம் உங்களுக்கு மாற்றிக் கொடுக்காதவரை, பலகையில் தொங்கும் படத்துக்கு மைத்துனரே சொந்தக்காரர். 'வீட்டு ஆள்தானே' என்று நினைக்காதீர்கள். உறவு நன்றாக இருக்கும்போது ஒரு பக்கத்தில் முடிகிற காரியம் இது. குடும்பத்தில் ஒரு மனத்தாங்கல் வந்துவிட்டால் அந்தக் கையெழுத்தின் விலை ஏறிவிடும்.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது ரசீதில் நீங்கள் எழுதிய வரிதான். எந்த நாட்டிலிருந்து எழுதுகிறீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லை. சட்டம் நாட்டுக்கு நாடு மாறுகிறது. அமெரிக்காவில் 23 தலைப்புகளில் விவரம் அடங்கிய ஆவணத்தைக் கையில் கொடுத்து 14 நாட்கள் கழிந்த பிறகே பணம் வாங்கலாம், கையெழுத்தும் வாங்கலாம். வருமானம் பற்றி வாக்குச் சொல்வதானால் அதற்குத் தக்க ஆதாரத்துடன் அந்த ஆவணத்திலேயே சொல்ல வேண்டும். மலேசியாவில் 1998ஆம் ஆண்டு ஃபிரான்சைஸ் சட்டப்படி முதலில் பதிவு செய்ய வேண்டும். கையெழுத்திட்ட பின்னும் எதிர்த்தரப்பு விலகிக்கொள்ளக் குறைந்தது 7 வேலை நாட்கள் தர வேண்டும். இந்தியாவிலும் சிங்கப்பூரிலும் இதற்கெனத் தனிச் சட்டம் இல்லை. அதை நம்பி நிம்மதி அடையவும் முடியாது. தவறான தகவலை நம்பி ஒருவர் ஒப்பந்தம் செய்திருந்தால், அதை ரத்து செய்யக் கோரும் உரிமையைப் பொதுவான ஒப்பந்தச் சட்டமே அவருக்குக் கொடுக்கிறது.

எனவே இந்த வாரமே அவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அந்த வரி உத்தரவாதம் அல்ல, அதை நம்பி முடிவெடுக்க வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். மூன்று கடைகளின் உண்மையான வரவு செலவுக் கணக்கை இணைத்துவிடுங்கள். நட்டம் வந்த மாதங்களை மறைக்க வேண்டாம். முன்பணத்தை இப்போதைக்குத் திருப்பிக் கொடுத்துவிடுவதுதான் என் விருப்பம். கொடுக்க மனம் வராவிட்டால், கையெழுத்தாகும்வரை கேட்டவுடன் திருப்பித் தரப்படும் என்றாவது அதே கடிதத்தில் எழுதுங்கள்.

இனி ஒப்பந்தம். எல்லை, காலம், கட்டணம் ஆகியவை எல்லா மாதிரியிலும் இருக்கும். ராயல்டியை, அதாவது பெயரைப் பயன்படுத்துவதற்கு அவர் உங்களுக்குத் தொடர்ந்து தரும் பங்கை, லாபத்தின் மீது கணக்கிடாமல் விற்பனையின் மீது கணக்கிடுங்கள். லாபக் கணக்கைச் சுருக்கிக் காட்டப் பல வழிகள் உண்டு. முன்னறிவிப்பின்றிக் கடையைச் சோதிக்கும் உரிமையை எழுதிக்கொள்வதோடு, அதைப் பயன்படுத்தவும் வேண்டும். தரத்தைக் கண்காணிக்காமல் பெயரை மட்டும் கொடுத்தால், சில நாடுகளில் அந்தப் பெயரின் மீதான உரிமையே நலிந்துபோகும்.

கறை நீக்கும் கலவையின் செய்முறையை ஒப்பந்தத்தில் எழுதாதீர்கள். எண்ணிட்ட தனிக் கையேட்டில் வைத்து, ரகசியக் காப்பு உறுதிமொழியில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள். 'பிரிந்த பிறகு இதே தொழிலைச் செய்யக் கூடாது' என்ற நிபந்தனையை மட்டும் நம்ப வேண்டாம். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவை முன்னிட்டு, ஒப்பந்தம் முடிந்த பிறகு அப்படித் தடுப்பதை இந்திய நீதிமன்றங்கள் பெரும்பாலும் ஏற்பதில்லை.

மாதிரி ஒப்பந்தங்கள் கோட்டை விடுவது பிரிவு நாளில். உங்கள் இருவருக்கும் ஒத்துவராமல் போய், ஒரு வெள்ளிக்கிழமையோடு ஒப்பந்தம் முடிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அலமாரியில் இருநூறு பேருடைய துணிகள் தொங்குகின்றன. ஒவ்வொரு சீட்டிலும் உங்கள் கடையின் பெயர். சனிக்கிழமை வருகிறவர்கள் யாரைத் தேடுவார்கள்? துணிகளை யார், எத்தனை நாளில் திருப்பிக் கொடுப்பது, பெயர்ப் பலகையை யார் செலவில் இறக்குவது, சீட்டுப் புத்தகங்களை யாரிடம் ஒப்படைப்பது என்று ஒவ்வொன்றையும் எழுதுங்கள். கடையின் தொலைபேசி எண்ணும் இணைய வரைபடத்தில் உள்ள பதிவும் தொடக்கத்திலிருந்தே உங்கள் பெயரில் இருக்கட்டும். பலகையை இறக்கிய பிறகும் பழைய எண்ணுக்குத்தான் வாடிக்கையாளர்கள் அழைப்பார்கள்.

மைத்துனரிடம் கையெழுத்து, பெயருக்கு விண்ணப்பம், அந்தக் கடிதம் ஆகிய மூன்றும் முடிந்ததும் உங்கள் ஊர் வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள். ரசீதின் நகலையும் எடுத்துச் செல்லுங்கள், பின்பக்கத்தோடு சேர்த்து.