லேத் சக்கில் ஜாப் (கடையும் பொருள்) அவுட் அடிக்கிறதா? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: லேத்தின் மூன்று ஜா சக்கில் (மூன்று தாடைகளால் ஜாபைப் பிடித்துச் சுற்றும் பகுதி) 25 மி.மீ. பம்ப் ஷாஃப்டைப் பிடித்தால் டயல் கேஜில் 0.18 மி.மீ. அவுட் (சுற்றும்போது தெரியும் ஆட்டம்) காட்டுகிறது. புது சக்தான் வாங்க வேண்டுமா? (கோவை வாசகர்)

பதில்: அவசரப்படாதீர்கள். டயலில் 0.18 என்றால் மையம் விலகியிருப்பது அதில் பாதி, 0.09தான். நல்ல மூன்று ஜா சக்கிலேயே 0.05 முதல் 0.08 வரை அவுட் இருக்கும். உங்களுடையது அதற்கு மேல் போவதால், காரணத்தைத் தேட வேண்டும்.

மெயின் சுவிட்சை அணைத்து, பெட் (லேத்தின் அடித்தளம்) மேல் ஒரு பலகையைப் போட்டு, சக்கைக் கழற்றுங்கள். ஸ்பிண்டில் நோஸையும் (சக் மாட்டும் சுழல் தண்டின் முனை) பேக் பிளேட்டின் (சக்கைத் தாங்கும் தட்டு) உட்பக்கத்தையும் துணியால் துடைத்து, விரல் நுனியால் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத பிசிறு விரலுக்குத் தெரியும். 100 மி.மீ. விட்டமுள்ள முகப்பின் ஓரத்தில் 0.05 மி.மீ. உலோகச் சுருள் ஒன்று சிக்கினாலே சக் சாய்ந்துவிடும், 150 மி.மீ. தள்ளி டயல் வைத்தால் 0.15 காட்டும். பாதி லேத்துகளில் வியாதி இங்கேதான். நோஸிலும் டயல் வைத்துக் கையால் சுற்றுங்கள். அங்கே 0.01க்கு மேல் ஆடினால் ஸ்பிண்டில் பேரிங்கைப் பார்க்க வேண்டும். சக் மேல் குற்றமில்லை.

அடுத்து ஜாக்களைக் கழற்றி, ஸ்க்ரோலை (மூன்று ஜாக்களையும் ஒன்றாக நகர்த்தும் சுருள் பள்ளத் தட்டு) மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் வைத்துக் கழுவுங்கள். ஜாவிலும் அதன் பள்ளத்திலும் 1, 2, 3 என்று குத்தியிருக்கும். அந்த வரிசையிலேயே மாட்ட வேண்டும். பிறகு கிரைண்டிங் செய்த நேரான ராடு ஒன்றைப் பிடித்து, மூன்று சாவித் துளைகளிலும் தனித்தனியாக இறுக்கி அவுட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். குறைவாக வரும் துளைக்குப் பஞ்ச் அடையாளம் வைத்து, இனி கடைசி இறுக்கு எப்போதும் அதிலேயே.

இன்னும் அவுட் இருந்தால் ஜாவை ஒட்டியும் 100 மி.மீ. தள்ளியும் அளந்து பாருங்கள். இரண்டு இடத்திலும் ஒரே அளவு என்றால் சரிசெய்யலாம். பேக் பிளேட்டில் சக் உட்காரும் படியின் விட்டத்தை 0.25 மி.மீ. குறைத்து, போல்ட்டுகளை லேசாக இறுக்கி, டயல் பெரிதாகக் காட்டும் பக்கத்தில் செப்புச் சுத்தியலால் தட்டி நகர்த்துங்கள். 0.02க்குள் வந்ததும் போல்ட்டுகளை முழுதாக இறுக்கி மறுபடி அளவு பாருங்கள். ஆனால் இது அந்த 25 மி.மீ. விட்டத்துக்குத்தான் செல்லும், 60 மி.மீ. பிடித்தால் ஸ்க்ரோல் வேறு இடத்தில் நிற்கும், அவுட்டும் மாறும்.

தள்ளிப் போகப் போக அவுட் கூடினால், ஜா வாய் அகன்றிருக்கலாம். ஜாவின் முன்முனைக்கும் ராடுக்கும் நடுவே 0.05 மி.மீ. ஃபீலர் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைகிறதா என்று பாருங்கள். நுழைந்தால் ஜாவை உள்ளே கிரைண்ட் செய்ய வேண்டும். இறுக்கிய நிலையில்தான் செய்ய வேண்டும். சும்மா விட்டுச் செய்தால் ஸ்க்ரோலில் இருக்கும் ஆட்டம் அத்தனையும் மறுபடி அளவில் வந்து நிற்கும். கல்தூள் படாமல் பெட்டை மூடுவதும் முக்கியம்.

கேள்வி: ஒவ்வொரு ஜாவும் தனியாக நகரும் நான்கு ஜா சக்கில் ட்ரூ பண்ண (ஜாபை மையத்துக்குக் கொண்டுவர) அரை மணி நேரம் ஆகிறது. வேகமாகச் செய்ய வழி உண்டா?

பதில்: நான்கு ஜாவையும் மாற்றி மாற்றித் திருகுவதால்தான் அந்த நேரம். எதிரெதிர் ஜோடியாகவே பாருங்கள். முதலில் சக் முகப்பில் உள்ள வட்டக் கோடுகளை வைத்து ஜாக்களைச் சமமாக நிறுத்துங்கள். பிறகு டயலின் முனை மையத்தை நேராகப் பார்க்கும்படி வைத்து, கியரை நியூட்ரலில் விட்டு, கையால் சுற்றுங்கள். 1ஆம் ஜாவில் 0.60, 3ஆம் ஜாவில் 0.20 என்றால் வித்தியாசம் 0.40. நகர்த்த வேண்டியது 0.20 மட்டும். 3ஐச் சற்றுத் தளர்த்தி, டயல் 0.40 காட்டும் வரை 1ஐ இறுக்குங்கள். பிறகு 2, 4. கடைசி 0.02 வரும்போது எதையும் தளர்த்தாதீர்கள். டயல் கூடக் காட்டும் ஜாவை மட்டும் இறுக்கினாலே போதும். இரண்டு சாவி வைத்து எதிரெதிரே திருகினால் ஐந்து நிமிட வேலை. ஆனால் மோட்டாரைப் போடுமுன் இரண்டு சாவியும் சக்கை விட்டு வெளியே வந்துவிட வேண்டும். ஃபினிஷ் ஆன ஜாப் என்றால் ஜாவுக்கு அடியில் 0.5 மி.மீ. செப்புத் தகடு வையுங்கள்.

கேள்வி: ஷாஃப்டின் ஒரு முனையைக் கடைந்து திருப்பிப் பிடித்தால், இரண்டு பேரிங் இடமும் ஒரே மையத்தில் வரவில்லையே?

பதில்: மூன்று ஜா சக்கில் திருப்பிப் பிடித்தால் வராது. இரு முனையிலும் சென்டர் துளை போட்டு, இரண்டு சென்டர்களுக்கு (கூர்முனைத் தாங்கிகள்) நடுவே கேரியர் (ஷாஃப்டைப் பிடித்துச் சுற்றவைக்கும் கவ்வி) மாட்டி, இரண்டு பேரிங் இடங்களையும் அதிலேயே கடைந்து முடியுங்கள்.