வாசலில் நின்று பாடுகிறவர்கள்

அன்புள்ள ஐயா,

போன கிழமை எங்கள் ஒழுங்கைக்குள் கிறிஸ்மஸ் கரோல் வந்தது. லொறியில் ஜெனரேட்டர், பெரிய ஸ்பீக்கர், நத்தார் தாத்தா, பைலா மெட்டு. சின்னப் பிள்ளைகள் எல்லாம் ஆடினார்கள். அம்மா ஐநூறு ரூபாய் கொடுத்தார். இரண்டு நாள் கழித்து விடியப்புறம் நாலு மணிக்கு அதே ஒழுங்கையால் திருவெம்பாவை பாடுகிறவர்கள் சங்கு ஊதிக்கொண்டு போனார்கள். அதைக் கேட்டு மனம் உருகியது. கரோலில் அப்படி ஒன்றும் வரவில்லை. அந்தப் பாட்டுகளில் கிறிஸ்தவர்களுக்கு ஆன்மிகம் என்று ஏதும் உண்டா, இல்லை வெறும் பண்டிகைக் குதூகலமா? தவறாகக் கேட்டிருந்தால் மன்னிக்கவும்.

வாசகி, உப்புவெளி

அன்புள்ள தங்கச்சி,

தவறாக ஒன்றும் கேட்கவில்லை. ஜெனரேட்டர் இரைச்சலில் எனக்கும் உருக்கம் வராது. அதை எங்கள் ஆட்களிடமே சொல்லி ஏச்சு வாங்கியிருக்கிறேன். ஆனால் ஆட்டத்தின் மீது பழியைப் போட வேண்டாம். கரோல் என்ற சொல் பழைய பிரெஞ்சில் கைகோத்து வட்டமாக ஆடிக்கொண்டே பாடுவதைத்தான் குறித்தது. நம்முடைய கும்மி மாதிரி. பைலாவும் போர்த்துக்கேயர் வழிவந்த பறங்கியர் வாழ்கிற இந்த ஊருக்குப் புதுச் சரக்கா என்ன? நத்தார் என்ற சொல்லே போர்த்துக்கேயரின் நத்தால்தான்.

திருவெம்பாவையையும் சேர்த்து எழுதினீர்கள் பாருங்கள், அது என்னைப் பிடித்துக்கொண்டது. இரண்டும் மார்கழி இருட்டில் வீட்டு வாசலுக்கு வருகிற பாட்டு. திருவெம்பாவையில் தோழிமார் வாசலில் நின்று எழுப்புகிறார்கள்: இன்னும் என்ன தூக்கம், எழுந்து வா, ஈசனைப் பாடுவோம். கரோல்காரர் கொண்டுவரும் சேதி வேறு. அவர் வந்துவிட்டார், மாட்டுத் தொழுவத்தில் துணி சுற்றிக் கிடத்தியிருக்கிறார்கள், போய்ப் பாருங்கள் என்பது. கடவுளே மனிதனாகப் பிறந்தார் என்பதுதான் கிறிஸ்தவ விசுவாசத்தின் நடுத்தூண். அதை வீடு வீடாகப் போய்ச் சொல்வதுதான் கரோல். எது உயர்ந்தது என்ற பேச்சுக்கு நான் வரவில்லை. 'குரைகடல் ஓதம் நித்திலம் கொழிக்கும்' என்று சம்பந்தர் பாடியதைக் கோணேசர் கோயில் பக்கம் கேட்டு வளர்ந்தவன்தான் நானும்.

அந்தச் சேதி முதலில் யாருக்குப் போனது என்று பைபிளில் லூக்கா எழுதியிருக்கிறார். இரவில் மந்தைக்குக் காவல் இருந்த மேய்ப்பர்களுக்கு. வேலையில் இருந்தவர்கள், விழித்திருந்தவர்கள். வானதூதர்கள் பாடினார்கள் என்று நாம் சொல்கிறோம். கடவுளைத் துதித்துச் சொன்னார்கள் என்பதுதான் லூக்கா எழுதியது. 'உன்னதத்திலிருக்கிற தேவனுக்கு மகிமையும், பூமியிலே சமாதானமும்' என்ற அந்தச் சொல்லைப் பாட்டாக்கியவர்கள் பிறகு வந்தவர்கள். கத்தோலிக்கப் பூசையில் பாடுகிற வானவர் கீதம் அந்த வரியில்தான் தொடங்குகிறது.

நத்தாருக்கு முந்திய திருவருகைக் காலத்தில் நான்கு ஞாயிறும் அதைப் பாடமாட்டோம். அப்புறம் நள்ளிரவுப் பூசையில் குருவானவர் எடுத்ததும், அத்தனை நாள் பூட்டி வைத்த பாட்டு வெளியே வரும். மணியெல்லாம் அடிக்கும். பீடத்தில் உதவி செய்த வயதில் கைமணி என்னிடம் இருந்தது. பாட்டு முடியும்வரை நிறுத்தக்கூடாது. மணிக்கட்டு கழன்றுவிடும் போல இருக்கும். ஊரடங்கு இருந்த ஒரு வருடம் அந்தப் பூசையைப் பின்னேரமே வைத்துவிட்டார்கள். ஜன்னலால் வெயில் விழ, அதே மணியை அதே மாதிரி அடித்தேன். என்னவோ ஒட்டவில்லை. காத்திருப்பு அந்தப் பாட்டில் பாதி என்று அன்றைக்குத்தான் விளங்கியது. நவம்பரிலேயே கடைகளில் கரோல் போட்டுவிடுகிறார்களே, எனக்குக் கோபம் அங்கேதான்.

'ஜாய் டு த வேர்ல்ட்' என்ற கரோல் இருக்கிறதே, 1719இல் ஐசக் வாட்ஸ் பைபிளின் 98ஆம் சங்கீதத்தை வைத்து எழுதியது, அதில் தொழுவமும் இல்லை, மேய்ப்பரும் இல்லை. வரும் அரசனை எதிர்கொள்கிற பாட்டு அது. எல்லாம் தாலாட்டு என்றும் நினைக்க வேண்டாம். கர்ப்பிணியாக இருந்த இயேசுவின் தாய் மரியாள் தன் உறவுக்காரி எலிசபெத் வீட்டில் பாடியது, பலவான்களை ஆசனத்திலிருந்து தள்ளி, பசித்தவர்களை நிரப்பி, பணக்காரரை வெறுங்கையோடு அனுப்பிவிடும் கடவுளைப் பற்றி. லொறியில் அதை யாரும் போட்டு நான் கேட்டதில்லை.

உருக்கம் பற்றிக் கேட்டீர்கள். 2004 டிசம்பர் 26 காலை கடல் ஊருக்குள் வந்தபோது எங்கள் வீட்டில் நத்தாருக்குக் கட்டிய பாலன் குடில் கலைக்காமல் இருந்தது. அடுத்த வருடம் கரோல் போவதா விடுவதா என்று பெரிய வாக்குவாதம். கடைசியில் ஒரு கிற்றாரோடு நடந்தே போனோம். கடற்கரைப் பக்கம் ஒரு வீடு. பேரனைக் கடல் கொண்டுபோயிருந்தது. அந்த வாசலில் எங்களுக்குத் தொண்டை வரவில்லை. முதல் சரணத்தை மெதுவாகப் பாடிவிட்டு நழுவப் பார்த்தோம். ஆச்சி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏன் பிள்ளையள், மற்றச் சரணமெல்லாம் எங்க? எல்லா வீட்டிலயும் முழுசாப் பாடிப்போட்டு இஞ்ச வந்து குறைக்கிறியளோ?"

திரும்பி வந்து முழுதும் பாடினோம். கடைசிச் சரணம் எங்களில் பாதிப் பேருக்குப் பாடமில்லை. ஆச்சிதான் அடி எடுத்துக் கொடுத்தார்.