வெங்காயத் தாமரையைத் தின்னும் அந்துப்பூச்சி: கேள்வி பதில்

மன்னார்குடியிலிருந்து ஒருவர்: ஐயா, எங்கள் வாய்க்கால் முழுக்க வெங்காயத் தாமரை. இதைத் தின்னும் அந்துப்பூச்சி ஒன்று இருக்கிறதாமே?

இருக்கிறது தம்பி. நிபோகிராப்டா அல்பிகுட்டாலிஸ் என்று பெயர். செடியைப் போலவே அதுவும் தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. புளோரிடாவில் 1977-இல் விட்டார்கள். வெங்காயம் போல உப்பிய காம்பு ஒன்றைப் பிளந்து பாருங்கள், உள்ளே பஞ்சு பஞ்சாகக் காற்றறைகள். செடி மிதப்பதே அதனால்தான். சின்னப் புழு முதலில் மேல்தோலைச் சுரண்டும். வளர்ந்ததும் காம்பைக் குடைந்துகொண்டு நடுக்குருத்துக்குப் போய்விடும். குருத்து காயும், காம்புக்குள் தண்ணீர் புகுந்து அழுகும். ஆனால் நெருக்கியடித்து உயர்ந்து நிற்கும் செடியைவிட, ஓரத்தில் புதிதாகப் படரும் குண்டுக்காம்புச் செடிதான் அதற்குப் பிடிக்கும். மூடிக்கிடக்கும் வாய்க்காலை அது ஒன்றே திறந்துவிடாது.

திருத்துறைப்பூண்டி அம்மா: குருத்து காயும் என்கிறீர்கள். நெல்லுக்கு வந்துவிட்டால்?

நியாயமான பயம் அம்மா. நெல் குருத்துப்பூச்சியும் இதுவும் ஒரே குடும்பம்தான், சாப்பாடுதான் வேறு. இப்படி ஒரு பூச்சியை வெளியே விடுமுன் பயிர்களின் மேல் விட்டு, பட்டினி போட்டும் பார்ப்பார்கள். அந்தச் சோதனையில் அவசரமே கூடாது. அர்ஜென்டினாவின் கேக்டோபிளாஸ்டிஸ் அந்துப்பூச்சியை ஆஸ்திரேலியா 1925-இல் கொண்டுபோனது. சுமார் 2.4 கோடி ஹெக்டேரில் மண்டியிருந்த சப்பாத்திக்கள்ளியில் பெரும்பகுதி ஏழெட்டு ஆண்டில் அழிந்தது. அங்கே கள்ளி வந்தேறி, அதனால் கேடில்லை. அதே பூச்சி 1989-இல் புளோரிடாவில் தென்பட்டது, அங்கே மண்ணுக்கே உரிய கள்ளிகளை அரித்துக்கொண்டிருக்கிறது.

கும்பகோணம் மாணவி: நம்மூர்ச் சப்பாத்திக்கள்ளி குறைந்ததும் அந்துப்பூச்சியாலா?

இல்லை அம்மா. மாவுப்பூச்சி போல வெள்ளையாக ஒட்டியிருக்கும் ஒரு செதில்பூச்சியால். 1926-இல் இலங்கையிலிருந்து வந்தது. நசுக்கினால் விரல் செக்கச்செவேலென்று ஆகிவிடும்.

மன்னார்குடிக்காரரே மறுபடியும்: வெங்காயத் தாமரையைத் தின்னும் அந்த அந்துப்பூச்சியை நாங்களே வாங்கி விடலாமா?

கூடவே கூடாது. வெளிநாட்டுப் பூச்சிக்கு மத்திய அரசின் அனுமதி வேண்டும். இந்தச் செடிக்கென்று இந்தியா 1980-களின் தொடக்கத்தில் இரண்டு வகைக் கூன்வண்டுகளைக் கொண்டுவந்தது. பெங்களூர் ஹெப்பால் ஏரியில் அவை நன்றாகவே வேலை செய்தன. இலையில் சின்னச் சின்னதாய்ச் சுரண்டிய தடம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் களைக்கொல்லி பக்கமே போகாதீர்கள், வண்டுக்கு அந்தச் செடிதான் வீடு.

திருவாரூர் விவசாயி: சரி, இப்போதைக்கு என்ன செய்ய?

மேட்டூர் திறக்குமுன், வாய்க்கால் வற்றிக்கிடக்கும்போதே அள்ளிவிடுங்கள், பூக்கவிடாமல். விதை விழுந்தால் சேற்றுக்குள் 20 ஆண்டுகூட உயிரோடு கிடக்கும். அள்ளியதைக் கரைமேல் ஏற்றிக் காயவையுங்கள். மதகடியில் ஒதுக்கினால் முதல் தண்ணீரிலேயே கீழ்மடைக்காரர் வாய்க்காலுக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.