திருவிருந்தை விட்டு விலகியிருப்பதுதான் சரியா?

கேள்வி: எங்கள் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் சில ஆண்டுகள் பொருளாளராக இருந்தேன். மகனுக்குத் திடீரென்று அறுவை சிகிச்சை செய்ய வேண்டி வந்தபோது, ஒருவரிடமும் கேளாமல் சங்கப் பணத்தை எடுத்து மருத்துவமனையில் கட்டிவிட்டேன். பிறகு நகையை அடகு வைத்து முழுத் தொகையையும் திரும்பச் சேர்த்தேன். கணக்கில் குறையில்லை; இன்றுவரை யாருக்கும் தெரியாது. ஆனாலும் அதற்குப் பின், இயேசுவின் நினைவாக அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்து ஆராதனைகளில் பிரசங்கம் முடிந்ததும் பக்கவாசல் வழியாக வெளியேறிவிடுகிறேன். அபாத்திரமாய், அதாவது தகுதியில்லாமல், பங்குபெறுகிறவர்களுக்கு ஆக்கினை வரும் என்று வேதம் சொல்கிறதே! மகனுக்கு உடம்பு முடியாமல் போகும்போதெல்லாம் இது தண்டனையோ என்று நடுங்குகிறேன். மனம் சுத்தமாகும்வரை விலகியிருப்பதுதானே சரி?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சரியல்ல, சகோதரி. நீங்கள் குறிப்பிடும் எச்சரிக்கை, கொரிந்து சபைக்குப் பவுல் அப்போஸ்தலன் எழுதிய முதல் நிருபமான 1 கொரிந்தியர் 11ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அதற்கு முந்தின வசனத்தையும் சேர்த்து வாசியுங்கள். ஒவ்வொருவனும் தன்னைத்தானே சோதித்தறிந்து, அதன்பின் இந்த அப்பத்தில் புசித்து, இந்தப் பாத்திரத்தில் பானம்பண்ணக்கடவன் என்றே பவுல் எழுதுகிறார். சோதித்தறிந்து எழுந்து போய்விடக்கடவன் என்று எழுதவில்லை. கொரிந்து சபையில் நடந்ததையும் கவனிக்க வேண்டும். வசதியுள்ளவர்கள் தங்கள் சாப்பாட்டை முந்திச் சாப்பிட்டு, சிலர் வெறிக்கும் அளவுக்குக் குடித்தும்விட, ஏழைகள் அதே கூட்டத்தில் பசியோடு உட்கார்ந்திருந்தார்கள். இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களே என்பதுதான் பவுலின் கோபம். பிறரை வெட்கப்படுத்தியவர்களுக்கு எழுதிய வார்த்தைகளை, ஏற்கெனவே வெட்கத்தால் குறுகிப்போயிருக்கும் ஒருவர் தன்மேல் எடுத்துப் போட்டுக்கொள்வது நம் சபைகளில் வழக்கமாகிவிட்டது. பிரசங்கிமாரும் இதற்கு ஓரளவு பொறுப்பு என்பது என் எண்ணம்.

இந்தப் பயம் உங்களுக்கு மட்டும் வந்ததன்று. பின்னாளில் சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தர் 1507ஆம் ஆண்டு குருவாகத் தம் முதல் பூசையை நடத்தியபோது, பரிசுத்தமான தேவனுக்கு முன் நிற்கத் தாம் யார் என்ற திகிலில், அவ்விடத்தைவிட்டே ஓடிவிட எண்ணியதாகப் பின்னாளில் சொன்னார். அதே லூத்தர் 1529இல் எழுதிய, விசுவாசப் பாடங்களைக் கேள்வி பதிலாகச் சொல்லும் சிறிய ஞானோபதேசத்தில், திருவிருந்துக்குப் பாத்திரவான் (தகுதியுள்ளவன்) யார் என்ற கேள்விக்கு, உபவாசமும் உடல் ஆயத்தமும் நல்ல ஒழுக்கங்களே என்றாலும், ‘உங்களுக்காகக் கொடுக்கப்பட்டது, பாவமன்னிப்புக்கென்று சிந்தப்பட்டது’ என்ற வார்த்தைகளை விசுவாசிக்கிறவனே உண்மையில் பாத்திரவான் என்று பதில் எழுதினார். 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு அந்த ஞானோபதேசத்தைத் தமிழாக்கினார். ஆகவே இந்தப் பதில் நம் மண்ணுக்கும் புதியதன்று.

மகனுடைய நோயைக் குறித்துச் சொல்கிறேன். பிறவியிலேயே பார்வையற்றிருந்த மனிதனைக் கண்டு, இது யார் செய்த பாவம், இவனா இவனைப் பெற்றவர்களா என்று சீஷர்கள் கேட்டபோது, இருவருமல்ல என்று இயேசு அந்தக் கணக்கையே தள்ளிவிட்டார். பிள்ளையின் காய்ச்சலைத் தாயின் தவறுக்கு வட்டியாக வசூலிக்கிறவர் அல்ல நம் தேவன். பிள்ளைக்கு மருத்துவம் பாருங்கள். அதில் வேறு அர்த்தம் தேடாதீர்கள்.

அப்படியானால், பணத்தைத் திரும்ப வைத்த பிறகும் மனம் ஏன் ஆறவில்லை? மாற்கு 5ஆம் அதிகாரத்தில் 12 வருஷம் பெரும்பாட்டினால் (நிற்காத இரத்தப்போக்கினால்) வருந்திய ஸ்திரீயை நினைத்துப் பாருங்கள். கூட்டத்துக்குள் பின்னாக வந்து, யாருக்கும் தெரியாமல் இயேசுவின் வஸ்திரத்தைத் தொட்டு, யாருக்கும் தெரியாமல் திரும்பிவிட நினைத்தாள். தொட்டவுடன் சுகமும் கிடைத்தது. அவள் எண்ணியபடியே எல்லாம் முடிந்திருந்தும், ‘என்னைத் தொட்டது யார்’ என்று இயேசு நின்று கேட்கிறார். அவள் பயந்து நடுங்கி வந்து, அவர்முன் விழுந்து, உண்மை முழுவதையும் சொல்கிறாள். ‘மகளே’ என்ற அழைப்பும் ‘சமாதானத்தோடே போ’ என்ற வார்த்தையும் அதற்குப் பிறகுதான் வருகின்றன. உங்கள் பணம் பின்பக்கமாகத் திரும்பிவிட்டது. நீங்கள் இன்னும் முன்னால் வரவில்லை. ஒளித்துவைத்த காலமெல்லாம் எலும்புகள் உலர்ந்துபோயின என்று 32ஆம் சங்கீதத்தில் தாவீது பாடுவது இந்த நிலையைத்தான்.

எனவே முதலில் தேவனிடம், நடந்ததை நடந்தபடியே, ‘கடன் வாங்கினேன்’ என்று மெருகேற்றாமல், ‘கேளாமல் எடுத்தேன்’ என்று சொல்லுங்கள். அதன்பின் உங்கள் ஆயரிடம், அதாவது சபைப் போதகரிடம், தனியாகப் பேசுங்கள். மனச்சாட்சி அமைதியடையாதவர் திருவிருந்துக்கு முன் ஒரு குருவானவரிடம் தம் பாரத்தைத் திறந்து சொல்லலாம் என்று பழைய ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகமே அழைக்கிறது. அந்த மரபிலும் வந்ததுதான் தென்னிந்தியத் திருச்சபை. பணம் சங்கத்தாருடையது என்பதால், அவர்களுக்கும் உண்மை சேர வேண்டும். அதை எவ்வளவு, யார் மூலம் என்பதை ஆயரோடு கலந்து முடிவு செய்யுங்கள். ஞாயிறு ஆராதனையில் ஒலிபெருக்கியைப் பிடித்துச் சாட்சி சொல்ல வேண்டும் என்று யாராவது வற்புறுத்தினால் மறுத்துவிடுங்கள். அது பல நேரங்களில் வேடிக்கையாகவே முடிகிறது. இனிமேல் கணக்கு உங்கள் கைக்கு வராமல் போகலாம், ஓரிருவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம்; அவை செயலின் விளைவுகள், தேவன் உங்களைத் தள்ளிவிட்டதற்கு அடையாளங்கள் அல்ல. காணிக்கையைப் பலிபீடத்தின்முன் வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகச் சொன்ன இயேசுவும், பின்பு வந்து அதைச் செலுத்து என்றுதான் முடித்தார். அடுத்த திருவிருந்தன்று பக்கவாசலுக்குப் போகாமல், உங்கள் வரிசை எழும்போது நீங்களும் எழுந்து போங்கள்.

கேள்வி: ஜெபிக்க முழங்கால்படியிட்டால் பழைய தவறுகள்தான் நினைவுக்கு வருகின்றன, வார்த்தையே வருவதில்லை. என்ன செய்வது?
– ஒரு கல்லூரி மாணவர்

பதில்: வார்த்தை வராதபோது வேதத்தின் வார்த்தைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஆலயத்தில் தூரத்திலே நின்று, கண்களைக்கூட ஏறெடுக்கத் துணியாத ஆயக்காரன் (வரி வசூலிப்பவன்) சொன்னது ஒரே வாக்கியம்: ‘தேவனே, பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்.’ அவனே நீதிமானாக்கப்பட்டவனாய் வீட்டுக்குப் போனான். நாளுக்கு ஒருமுறை 130ஆம் சங்கீதத்தை வாய்விட்டு வாசியுங்கள், எட்டே வசனங்கள்தான். ‘உமக்குப் பயப்படும்படிக்கு உம்மிடத்தில் மன்னிப்பு உண்டு’ என்ற 4ஆம் வசனத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அங்கே முதலில் இருப்பது மன்னிப்பு. பயம் அதிலிருந்து பிறக்கிறது. நினைவுக்கு வரும் தவறுகளை விரட்டப் போராட வேண்டாம். ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி அவரிடமே ஒப்படையுங்கள். அவையே அன்றைய ஜெபமாக இருக்கட்டும்.