மனை பிரிக்கும் முன் டிரம்மை நிரப்பிப் பாருங்கள்

கேள்வி: பர்கூர் சிப்காட்டுக்கு அருகே பங்காளிகளுக்குப் பொதுவில் எட்டு ஏக்கர் புஞ்சை இருக்கிறது. தொழிற்சாலை ஊழியர்களுக்காக நூறு வீடுகள் கட்ட நினைக்கிறோம். போர்வெல்லில் இரண்டு இன்ச் தண்ணீர் என்கிறார் போர் போட்டவர். போதுமா? எதில் தொடங்குவது?
- வாசகர், கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: "இரண்டு இன்ச்" என்பது போர் லாரி வந்து நின்ற அன்றைய கணக்கு. கம்ப்ரசர் பீய்ச்சியடிக்கும் தண்ணீரை நம்பி மனை பிரித்தால், கோடையில் டேங்கர் லாரிக்குத்தான் காத்திருக்க நேரும்.

நூறு வீடு, வீட்டுக்கு ஐந்து பேர், நகர்ப்புற அளவுகோலின்படி ஆளுக்கு 135 லிட்டர் என்றால் நாளுக்கு 67,500 லிட்டர். மோட்டார் 16 மணி நேரம் ஓடினாலும் மணிக்கு ஏறக்குறைய 4,200 லிட்டர் வந்தாக வேண்டும். ஏப்ரல் கடைசியில், எட்டு மணி நேரம் விடாமல் இறைத்த பிறகு, குழாயடியில் 200 லிட்டர் டிரம்மை வையுங்கள். மூன்று நிமிடத்துக்குள் நிரம்பினால் மேற்கொண்டு பேசலாம். ஐப்பசியில் செய்யும் சோதனை எதற்கும் உதவாது. இது கடினப் பாறை பூமி. பாறை வெடிப்புகளில் தேங்கியதுதான் நமக்குத் தண்ணீர்.

அதைவிடப் பெரிய தலைவலி, பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃபுளோரைடு. லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கலாம், வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை என்பது இந்தியத் தரநிலை. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டிலும் பல இடங்களில் நிலத்தடி நீர் இதைத் தாண்டுகிறது. 2013-இல், காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கப்பட்டதே இதனால்தான். தண்ணீரைக் கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது, செறிவுதான் கூடும். இன்னும் ஆழமாகப் போட்டால் நல்ல தண்ணீர் என்ற பேச்சையும் நம்பாதீர்கள். பாறையில் நெடுங்காலம் கிடந்த நீரில் ஃபுளோரைடு கூடுதலாக இருக்கவே வாய்ப்பு. குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். ஒகேனக்கல் இணைப்பு கிடைக்குமா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

குடிக்கவும் சமைக்கவும் மழைநீரே போதும். ஆயிரம் சதுர அடிக் கூரை, ஆண்டுக்கு 800 மி.மீ. மழை, சேதாரம் ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்தால் 59,000 லிட்டர் கிடைக்கும். மழை குறைந்த ஜனவரி முதல் ஏப்ரல் வரை, வீட்டுக்கு நாளுக்கு 40 லிட்டர் வீதம் தேவைப்படுவது 4,800 லிட்டர்தான். வீட்டுக்கு ஒரு 5,000 லிட்டர் மூடிய தொட்டி கட்டுங்கள். முதல் மழையை வெளியே விட ஒரு வால்வும் வையுங்கள். ஆளுக்கான 135 லிட்டரில் 45 லிட்டர் கழிவறைக்கே போகிறது. அதற்குச் சுத்திகரித்த கழிவுநீரைத் தனிக் குழாயில் விடலாம். அந்தக் குழாயைச் சாலை போடும் முன்பே பதித்துவிட வேண்டும்.

குடிவருவோர் ஷிப்டுக்குப் போகிறவர்கள். காலையில் இரண்டு மணி நேரம் மட்டும் தண்ணீர் விடும் ஊர் வழக்கம் இவர்களுக்கு ஒத்துவராது. இரவு ஷிப்டு முடித்து வருகிறவருக்கும் குளிக்கத் தண்ணீர் வேண்டும். மேல்நிலைத் தொட்டியை ஒரு நாள் தேவைக்குக் குறையாமல் கட்டுங்கள். ஒரே கம்பெனியை நம்பி எல்லா வீட்டையும் ஒரே அளவில் கட்டாதீர்கள். மாங்கூழ் ஆலை வேலை சீசனோடு முடிந்துவிடும். அங்கே வேலை செய்வோருக்குச் சிறிய வாடகை வீடு போதும். கம்பெனி பஸ் நிற்கும் இடத்துக்கு நடைபாதையும் விளக்கும் கட்டாயம்.

அடுத்து, நகர் ஊரமைப்புத் துறையின் அனுமதி. பூங்காவுக்குப் பத்து சதவீத நிலத்தை ஒதுக்க வேண்டும். ஏரிக்குப் போகும் வரத்துக் கால்வாய் நிலத்தில் இருந்தால் அதைத் தொடாதீர்கள். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதியாமல் விளம்பரமோ முன்பணமோ கூடாது. பங்காளிகளில் யாராவது வெளியூரில் இருந்தால், பவர் பத்திரத்தை இப்போதே வாங்கிவிடுங்கள்.