மலையடிவாரத்தில் 5 சென்ட்: மிச்சப் பணத்தைக் கட்டலாமா?

கேள்வி: தொண்டாமுத்தூர் பக்கம் மலையடிவாரத்தில் 'பண்ணை வீட்டு மனை' என்று 5 சென்ட் பேசியிருக்கிறோம். விலை 24 லட்சம், 6 லட்சம் கொடுத்தாகிவிட்டது. கையில் இருப்பது ரசீதும், 20 ரூபாய் பத்திரத்தில் எழுதிய, பதிவு செய்யாத ஒப்பந்தமும்தான். அதில் 'விவசாய நிலத்தில் பிரிபடாத பங்கு' என்று இருக்கிறது. விளம்பரத்திலோ வில்லா, நீச்சல் குளம், சனி ஞாயிறு வாடகை வருமானம் என்றெல்லாம் போட்டிருந்தார்கள். இந்த மாதமே கிரையம் முடிக்கச் சொல்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: இப்போதைக்குக் கிரையம் வேண்டாம். மிச்சம் 18 லட்சம் உங்கள் கணக்கிலேயே இருக்கட்டும்.

விளம்பரத்தை விடுங்கள், 'பிரிபடாத பங்கு' என்ற அந்த இரண்டு வார்த்தைதான் முக்கியம். மொத்த நிலம் 3 ஏக்கர் என்றால், அந்த 300 சென்ட்டில் உங்களுக்கு 5 சென்ட் அளவுக்குப் பாத்தியதை உண்டு, அவ்வளவுதான். எந்த 5 சென்ட் என்று பத்திரம் சொல்லாது. கல் நட்டுக் காட்டிய இடத்தில் நீங்கள் வேலி போட்டால் இன்னொரு பங்குதாரர் வந்து தடுக்கலாம், பட்டாவும் கூட்டாகத்தான் வரும், தகராறு என்று வந்துவிட்டால் பாகப்பிரிவினை வழக்குப் போட்டு வருஷக்கணக்கில் அலைய வேண்டியதுதான்.

ஏன் இப்படி விற்கிறார்கள்? பதிவுச் சட்டம் 22-ஏ பிரிவுப்படி, 2016 அக்டோபர் 20க்கு முன்பே மனையாகப் பதிவானதைத் தவிர, அங்கீகாரம் இல்லாத மனையைச் சார்பதிவாளர் பதியக் கூடாது. விவசாய நிலம், அதில் ஒரு பங்கு என்று எழுதிவிட்டால் அந்தத் தடையைச் சுற்றிக்கொண்டு போய்விடலாம். பத்திரம் பதிவாகிவிடும், வீடு கட்டத்தான் அனுமதி வராது. 'அதான் பதிவாயிடுச்சே சார்' என்று என்னிடம் வந்து உட்காருபவர்கள் எத்தனையோ பேர்!

அப்புறம் ஹாகா, அதாவது மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையம். அந்த வட்டாரத்தில் பல கிராமங்கள் மலைப்பகுதிப் பாதுகாப்புக்கான 1990ஆம் ஆண்டு அரசாணைப் பட்டியலில் வருகின்றன. உங்கள் கிராமமும் அதில் இருந்தால் பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்து எதற்கும் உதவாது. நகர் ஊரமைப்புத் துறை வழியாகப் போக வேண்டும், வனத்துறை, கனிமவளத் துறை, வேளாண் பொறியியல் துறை என்று ஒவ்வொன்றிடமும் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். மரம், சரிவு, காட்டோரம் என்று எதைக் காட்டி உங்களிடம் விற்கிறார்களோ, அதற்காகத்தான் இத்தனை கெடுபிடியும்! வாடகை வருமானம் எல்லாம் அனுமதியோடு கட்டிய வீடு இருந்தால் பேச வேண்டிய பேச்சு.

நிலத்தின் அளவைக் காட்டும் புலப்பட வரைபடத்தையும், நிலத்தின் வகையைச் சொல்லும் வருவாய்த்துறையின் அ-பதிவேட்டையும் எடுத்து, நிலத்துக்குள் ஓடைப் புறம்போக்கு, அதாவது அரசுக்குச் சொந்தமான ஓடை நிலம், ஓடுகிறதா என்று பாருங்கள். வெயில் காலத்தில் பார்த்தால் வெறும் பள்ளமாகத்தான் தெரியும்.

சரி, 6 லட்சம். ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 2016, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட திட்டம் எதையும் பதிவு செய்யாமல் விளம்பரமே செய்யக் கூடாது என்கிறது. 500 சதுர மீட்டர் என்பது ஏறக்குறைய 12 சென்ட்தான். 13ஆம் பிரிவுப்படி, பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. உங்களிடம் 25 சதவீதம் வாங்கியிருக்கிறார்கள். பொய் விளம்பரத்தை நம்பிப் பணம் போட்டவர் விலகிக்கொண்டால் வட்டியோடு முழுத் தொகையையும் திருப்பித்தர வேண்டும் என்கிறது 12ஆம் பிரிவு.

'இது பண்ணை நிலம், அந்தச் சட்டம் எங்களுக்குப் பொருந்தாது' என்பார்கள், எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள். அதற்கு உங்கள் பதில் அந்த விளம்பரத் தாள். வில்லா படம் போட்ட தாளைப் பத்திரமாக வையுங்கள், வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள், பணம் போன வங்கிக் கணக்கு விவரத்தையும் எடுத்து வையுங்கள். லேஅவுட் அங்கீகார எண்ணும் ரெரா பதிவு எண்ணும் கேட்டு, 15 நாளில் தராவிட்டால் பணத்தைத் திருப்பித்தரச் சொல்லி வக்கீல் நோட்டீஸ் விடுங்கள். அதற்கும் அசையாவிட்டால் ஒழுங்குமுறை ஆணையத்தில் புகார் கொடுக்கலாம்.

இடையில் 'ஒரு லட்சம் பிடித்துக்கொண்டு மீதியைத் தருகிறோம், இதில் கையெழுத்துப் போடுங்கள்' என்று வருவார்கள். அந்தக் காகிதத்தை வாங்கிக்கொண்டு நேராக உங்கள் வக்கீலிடம் போங்கள். அசல் ரசீதை மட்டும் யார் கேட்டாலும் கொடுத்துவிடாதீர்கள்.